ஃப்ளாரன்ஸ் கலிலியோ மியூசியம்: தத்துவம் பிடிச்சவங்க தவற விடக்கூடாத இடம்

ஃப்ளாரன்ஸ் டூர் ப்ளான் போடுற யாரைக் கேட்டாலும் உஃபிஸி கேலரி, டேவிட் சிலை, பெரிய குவிமாடம் வெச்ச கதீட்ரல், அவ்ளோதான் லிஸ்ட். உஃபிஸியை ஒட்டி ஆர்னோ ஆத்தங்கரைப் பக்கமா ரெண்டு நிமிஷம் நடந்தா வர்ற கலிலியோ மியூசியத்தை நிறைய பேர் திரும்பிக்கூட பாக்காம தாண்டிப் போயிடறாங்க, எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். டூர் சைட்டுங்கள்ல சயின்ஸ் ஆர்வம் இருக்கிறவங்க போகலாம்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. நான் சொல்றது வேற. மதம் ஒரு பக்கம், சயின்ஸ் ஒரு பக்கம்னா நடுவுல இந்த தத்துவம் எதுக்குன்னு எப்பவாவது யோசிச்சுக் குழம்பியிருந்தீங்கன்னா, உஃபிஸிக்கு வெச்சிருக்கிற நேரத்துல பாதியை இதுக்குக் கொடுங்க.

ஸ்கூல்ல நமக்குச் சொல்லிக் கொடுத்த கலிலியோ கதை ரொம்ப சின்னது. டெலஸ்கோப்ல பாத்தார், பூமிதான் சுத்துதுன்னு சொன்னார், சர்ச் பிடிச்சு தண்டிச்சுது, கதை முடிஞ்சுது. அதுல தத்துவத்துக்கு ஒரு ஓரத்துல கூட இடம் கிடையாது. இந்த மியூசியத்தை அவசரப்படாம சுத்தி வந்தா அந்தக் கதை நிக்க மாட்டேங்குது, ஏன்னா அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற முக்கால்வாசிப் பொருளுக்குப் பின்னாடி ஓடுறது ஒரே கேள்விதான்: எதைக் காட்டினா ஒரு விஷயம் நிரூபணம் ஆயிடுச்சுன்னு ஒத்துக்கலாம்? அந்தக் கேள்விக்கு எந்த லென்ஸும் பதில் காட்டாது, பைபிள்லயும் பதில் இருக்காது. உக்காந்து யோசிச்சுதான் ஆகணும், அந்த யோசனைக்குப் பேர்தான் தத்துவம், என் கருத்து இதுதான், மீதி ரிவ்யூ முழுக்க இதைத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல இடத்தைப் பத்தி. பலாஸோ காஸ்டெல்லானிங்கற பழைய கட்டடம், கல்லுல கட்டின கோட்டை மாதிரி இருக்கும். 1966 ஆர்னோ வெள்ளத்துல அடிபட்டு மீண்டு வந்த இடம். ரொம்ப வருஷமா அறிவியல் வரலாற்று மியூசியம்னுதான் பேரு, 2010ல எல்லாத்தையும் புதுப்பிச்சு கலிலியோ பேரை வெச்சாங்க. முதல் மாடியில ஃப்ளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பம் சேர்த்த கருவிங்க, ரெண்டாம் மாடியில அவங்களுக்கு அப்புறம் ஆண்ட லொரேன் குடும்பம் சேர்த்தது. உஃபிஸி மாதிரி தள்ளுமுள்ளு கிடையாது, டிக்கெட்டும் அதைவிடக் கம்மி, ஒரு பெட்டி முன்னாடி எவ்ளோ நேரம் நின்னாலும் யாரும் பின்னாடி இருந்து இடிக்க மாட்டாங்க.

முதல் மாடியில முதல்ல தேட வேண்டியது சாந்தூச்சி செஞ்ச அந்த ராட்சச வளையக் கோளம். 1588ல ஆரம்பிச்சு 1593ல முடிச்சது, ஃபெர்டினாண்டோ மெடிச்சிக்காக மரத்துல செஞ்சு பொன் பூசினது, ரெண்டாள் உயரம் இருக்கும். நட்ட நடுவுல பூமி, அதைச் சுத்தி அடுக்கடுக்கா கோளங்களோட வளையம், அதுக்கு வெளிய நட்சத்திரங்க. கிட்டப் போய் அண்ணாந்து பாத்தீங்கன்னா இதைப் போய் தப்புன்னு சொல்ல மனசே வராது, அவ்ளோ அழகு. இது அரிஸ்டாட்டில், டாலமி சொன்ன உலகம். இதை சயின்ஸ் மாடல்னு மட்டும் பாத்தா பாதிதான் புரியும். கடைசி வளையத்துக்கு அப்பால சொர்க்கம், கடவுளோட இருப்பிடம்னு அந்தக் காலத்துல நம்பினாங்க, பொருள் எல்லாம் கீழ விழுறது தன்னோட இயல்பான இடத்தைத் தேடித்தான்னு தத்துவம் சொல்லுச்சு, கிரகம் நாளைக்கு எங்க இருக்கும்னு கணக்கும் இதை வெச்சுத்தான் போட்டாங்க. மூணும் ஒரே இயந்திரத்துக்குள்ள பூட்டியிருக்கு. ஒரு வளையத்தைப் பிடுங்கினா மூணும் ஆட்டம் காணும், அதனாலதான் அவ்ளோ பயம். இதைப் பாக்காம நேரா டெலஸ்கோப் ரூமுக்கு ஓடாதீங்க, எதை உடைச்சாங்கன்னு தெரியாம உடைச்ச சுத்தியலை மட்டும் பாத்துட்டு வந்த மாதிரி ஆயிடும்.

அடுத்தது கலிலியோ கையால செஞ்ச ரெண்டு டெலஸ்கோப். உலகத்துல மிஞ்சியிருக்கிற அவரோட கருவிங்க ரொம்பக் கொஞ்சம், அதுல ரெண்டு இங்க இருக்கு, ஒண்ணு தோல் உறை போட்டு பொன் கோடு இழைச்சது. பக்கத்துல ஒரு லென்ஸ், விரிசல் விட்டது, அதுக்கு 1677ல தந்தத்துல இழைச்சு ஒரு ஃப்ரேம் செஞ்சு வெச்சிருக்காங்க. 1610 ஜனவரியில வியாழன் பக்கத்துல இருக்கிற நிலாக்களைப் பாத்தது இந்த லென்ஸ் வழியாத்தான்னு சொல்றாங்க. உள்ளங்கையில அடங்குற கண்ணாடித் துண்டு அது, நான் அங்க இருந்து நகர ரொம்ப நேரம் ஆச்சு.

இந்த ரூம்ல நிக்கும்போது ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. பதுவா யுனிவர்சிட்டியில 18 வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தவர் கலிலியோ. 1610ல மெடிச்சி அரண்மனையில வேலைக்கு வரும்போது சம்பளம், ஓய்வு எல்லாம் பேசி முடிச்சுட்டு, கணிதவியலாளர்ங்கற பதவியோட தத்துவவாதிங்கற பட்டமும் வேணும்னு எழுதிக் கேட்டார். கணக்குக்கு செலவழிச்ச மாசங்களை விட தத்துவத்துக்கு செலவழிச்ச வருஷங்க அதிகம்னு அந்தக் கடிதத்துல சொல்றார். கௌரவத்துக்காக மட்டும் கேட்டார்னு நான் நினைக்கல. அந்தக் காலத்துல கணக்குக்காரன் வேலை கிரகம் எங்க வரும்னு சொல்றது மட்டும்தான், உலகம் உண்மையில எப்படி இருக்குன்னு சொல்ற உரிமை தத்துவவாதிக்குத்தான். சூரியன் நடுவுல இருக்கிற மாதிரி வெச்சுக்கிட்டா கணக்கு சுலபம்னு சொன்னா யாருக்கும் பிரச்சனை இல்ல. சூரியன் நிஜமாவே நடுவுல இருக்குன்னு சொல்லத்தான் அவருக்கு அந்தப் பட்டம் தேவைப்பட்டுது. பிற்காலத்துல வந்த வழக்கு முழுக்க இந்த ஒரு வித்தியாசத்துமேலதான் நின்னுச்சு.

சரி அப்போ யார் யார் எந்தப் பக்கம் நின்னாங்க? இங்கதான் ஸ்கூல் கதை மொத்தமா கவிழுது. டெலஸ்கோப்ல பாக்கவே மாட்டேன்னு மறுத்ததுக்குப் பேர் போனவர் செசாரே கிரெமோனினி, பாதிரியார் கிடையாது, பதுவாவுல தத்துவ பேராசிரியர், கலிலியோவுக்கு நண்பர் வேற, சம்பளமும் கலிலியோவை விட அதிகம். அவரையே அரிஸ்டாட்டிலை அப்படியே பின்பற்றி ஆன்மா அழியக்கூடியதுன்னு பாடம் நடத்தறார்னு இன்க்விசிஷன், அதாவது சர்ச்சோட மத விசாரணை மன்றம், விசாரிச்சுக்கிட்டு இருந்துச்சு. மறுபக்கம் 1611ல ரோம்ல இருந்த இயேசு சபைக் கணிதவியலாளர்கள், வயசான கிளாவியஸ் உட்பட, தாங்களே டெலஸ்கோப் வெச்சுப் பாத்து வியாழனோட நிலாவெல்லாம் உண்மைதான்னு உறுதி பண்ணினாங்க. கலிலியோவோட நெருங்கின சீடர் காஸ்டெல்லி ஒரு பெனடிக்டின் துறவி. கலிலியோ பொண்ணுங்க ரெண்டு பேரும் கன்னியாஸ்திரிங்க. மதத்தை ஒரு டீமாவும் சயின்ஸை ஒரு டீமாவும் நிறுத்தி வெக்கலாம்னு பாத்தா ஆளுங்க கலைஞ்சு கலைஞ்சு போறாங்க.

1615ல கார்டினல் பெல்லார்மின் எழுதின ஒரு கடிதத்தைப் பத்தி தெரிஞ்சுட்டுப் போனா இந்த ரூம் இன்னும் நல்லா புரியும். பூமி சுத்துதுன்னு உண்மையான நிரூபணம் இருந்தா, அதுக்கு மாறா தெரியற வேத வசனங்களை ரொம்ப ஜாக்கிரதையா விளக்கணும், வசனம் பொய்னு சொல்றதை விட நமக்கு அது சரியா புரியலன்னு சொல்றதே மேல்னு அவரே எழுதியிருக்கார். ஆனா அப்படி ஒரு நிரூபணத்தை எனக்குக் காட்டுற வரைக்கும் இருக்குன்னு நம்ப மாட்டேன்னும் சேர்த்துச் சொல்றார். படிச்சா கோபம் வர்ற கடிதம் இல்ல, நியாயமான கேள்வி. கலிலியோகிட்ட அப்போ முழு நிரூபணம் இருந்துச்சான்னா இல்ல. அவர் ரொம்ப நம்பின வாதம் கடல் ஏத்த இறக்கம் பூமி சுத்துறதாலதான் வருதுங்கறது, அது தப்பு. பூமி நகர்றதுக்கு நேரடி சாட்சி 1720களோட கடைசியிலதான் கிடைச்சுது, பூமி இடம் மாறுறதால கிட்ட இருக்கிற நட்சத்திரங்க லேசா தள்ளித் தெரியறதை அளந்தது 1838ல. ஆனாலும் கலிலியோ சொன்னதுதான் சரி. நிரூபணம் முழுசா கைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் சரியா இருக்க முடியும், அதை மத்தவங்க எந்த அளவுக்கு நம்பலாம்? இதை சயின்ஸ் பதில் சொல்லாது, இறையியலும் சொல்லாது. பேராசிரியர்கள் இன்னைக்கும் இதை வெச்சு வாதாடிக்கிட்டுதான் இருக்காங்க.

எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருக்கிறது 1616 பிப்ரவரியில இன்க்விசிஷனோட இறையியல் ஆலோசகர்கள் குடுத்த தீர்ப்பு. சூரியன் அசையாம நடுவுல இருக்குங்கற கருத்து தத்துவத்துல முட்டாள்தனம், அபத்தம்னு முதல்ல எழுதிட்டு, அதுக்கு அப்புறம்தான் வேதத்துக்கு விரோதம்னு எழுதறாங்க. பதினோரு இறையியலாளர்கள் உக்காந்து முதல்ல குடுத்தது தத்துவத் தீர்ப்பு! அவங்க நம்பிக்கைக்கு அடியில அரிஸ்டாட்டில் அஸ்திவாரமா இருந்தார், நூத்துக்கணக்கான வருஷமா இருந்ததால அது அஸ்திவாரம்னே அவங்களுக்குத் தெரியல. அதே மாதிரி போப் எட்டாம் அர்பன் சொன்ன வாதமும் லேசானது கிடையாது: ஒரே விளைவை கடவுள் எத்தனையோ வழியில உண்டாக்கலாம், அதனால நீ பாத்த விளைவை வெச்சு இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. கடவுளை எடுத்துட்டுப் பாத்தாலும் அந்த வாதம் நிக்குது, ஒரே தரவுக்கு பல கோட்பாடு பொருந்தும்னு இன்னைக்கு அறிவியல் தத்துவ வகுப்புல நடத்தறது இதைத்தான். கலிலியோ 1632ல வெளியிட்ட உரையாடல் நூல்ல இந்த வாதத்தைக் கொண்டு போய் கதையில வர்ற மந்தமான பாத்திரத்தோட வாயில வெச்சுட்டார், அடுத்த வருஷம் ஜூன் 22ம் தேதி ரோம்ல மண்டியிட்டு தன் கருத்தைக் கைவிடறேன்னு வாசிக்க வேண்டியதாயிடுச்சு. வாதம் நல்ல வாதமாவே இருந்தாலும் அதை வெச்சு ஒருத்தரை சாகுற வரைக்கும் வீட்டுக்காவல்ல அடைச்சது அநியாயம், அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல.

சாய்வுப் பலகையைக் குழந்தைங்களோட போறவங்க மிஸ் பண்ணாதீங்க. கலிலியோ காலத்துது கிடையாது, 19ம் நூற்றாண்டு ஆரம்பத்துல செஞ்சது, நீளமான மரச் சரிவு, மேல குட்டிக் குட்டி மணி. உருண்டையை விட்டா போற வழியில மணியை அடிச்சுக்கிட்டே போகும். மணிங்களுக்கு இடையில இருக்கிற தூரம் 1, 3, 5, 7னு கூடிக்கிட்டே போகும், ஆனா சத்தம் சம இடைவெளியில கேக்கும். வேகம் எப்படி ஏறுதுங்கறதை காதாலயே கேட்டுடலாம், யோசிச்சுப் பாருங்க எவ்ளோ அழகான யோசனை. இதுக்குள்ளயும் ஒரு தத்துவ முடிவு ஒளிஞ்சிருக்கு. பொருள் ஏன் விழுதுன்னு ரெண்டாயிரம் வருஷமா கேட்டாங்க. கலிலியோ கடைசிக் காலத்துல எழுதினதுல, முடுக்கத்துக்கு என்ன காரணம்னு ஆராய இது நேரம் இல்ல, எப்படி முடுக்கம் ஆகுதுன்னு மட்டும் முதல்ல பாப்போம்னு சொல்லி அந்தக் கேள்வியை ஒத்தி வெச்சார். எந்தக் கேள்வியை இப்போ கேக்கலாம், எதைத் தள்ளிப் போடலாம்னு முடிவு பண்றதை எந்தப் பரிசோதனையும் செஞ்சு காட்டாது. தத்துவம் செத்துப் போச்சு, சயின்ஸ் வந்துடுச்சுன்னு சொல்றவங்ககிட்ட நான் இந்தப் பலகையைத்தான் காட்டுவேன், சயின்ஸோட வாசக்கதவே ஒரு தத்துவ முடிவாலதான் திறந்துச்சு.

சிமெந்தோ அகாடமியோட கண்ணாடிப் பொருளுங்க இருக்கிற இடத்துக்கும் போயே ஆகணும். கலிலியோ செத்து பதினஞ்சு வருஷம் கழிச்சு, 1657ல, அவரோட சீடர்களைச் சேர்த்து இளவரசர் லியோபோல்டோ மெடிச்சி ஆரம்பிச்சது. தவளை வடிவத்துல குட்டி தெர்மாமீட்டர் இருக்கு, காய்ச்சல் பாக்க கையில கட்டிக்கிறது, அப்புறம் சுருள் சுருளா ஊதின நீள தெர்மாமீட்டருங்க, ஊதினவனோட மூச்சு இன்னும் அதுக்குள்ள இருக்குமோன்னு தோணும். இவங்க 1667ல வெளியிட்ட அறிக்கையில பரிசோதனை மட்டும்தான் இருக்கும், காரணம், கோட்பாடு எதையும் எழுதாம பாத்துக்கிட்டாங்க. கலிலியோவுக்கு நடந்ததைப் பாத்தவங்க, எங்க வாயை மூடணும்னு தெரிஞ்சவங்க. லியோபோல்டோ அதே 1667ல கார்டினல் ஆனார், அகாடமியும் அத்தோட முடிஞ்சுது. இந்தப் பகுதி எனக்கு மனசைப் பிசைஞ்சுது. கருவி இருக்கு, திறமை இருக்கு, பணம் இருக்கு, இதுக்கெல்லாம் என்ன அர்த்தம்னு வாய்விட்டுப் பேச மட்டும் இடம் இல்ல. அந்த அலமாரியில எவ்ளோ அழகு இருந்தாலும் ஏதோ ஒண்ணு குறையுதுன்னு எனக்குத் தோணினதுக்குக் காரணம் இதுதான்.

எல்லாரும் ஃபோட்டோ எடுக்கிற விஷயத்துக்கு வரேன், கலிலியோவோட விரல். 1642ல செத்தப்போ அவருக்கு சாந்தா குரோச்சே தேவாலயத்துல பெரிய கல்லறை கட்ட ரோம் விடல, ஒரு சின்ன அறையில புதைச்சாங்க. 1737 மார்ச்ல உடலை எடுத்து தேவாலயத்துக்குள்ள மாத்தும்போது கூட இருந்த அபிமானிகள் வலது கை நடுவிரலை எடுத்துக்கிட்டாங்க, அது முட்டை வடிவக் கண்ணாடிக்குள்ள நிமிந்து நிக்குது, கீழ லத்தீன் கவிதை. இன்னும் ரெண்டு விரலும் ஒரு பல்லும் காணாமப் போய் 2009ல திரும்பக் கிடைச்சு இப்போ பக்கத்துலயே இருக்கு. சிலர் இதைப் பாத்து முகம் சுளிக்கறாங்க, எனக்கு அது நெகிழ்ச்சியா இருந்துச்சு. புனிதர்களுக்கு செய்யற மரியாதையை அப்படியே எடுத்து அவருக்குச் செஞ்சிருக்காங்க, அன்பைக் காட்ட அவங்களுக்குத் தெரிஞ்ச வழி அதுதான். நமக்கும் இது அந்நியம் இல்ல. முத்துக்குளித்துறையில பரதவர்கள் நடுவுல ஊழியம் செஞ்ச புனித சவேரியார் உடல் கோவாவுல இருக்குல்ல, அந்தப் பேழைக்குக் கீழ இருக்கிற பளிங்கு மண்டபம் ஃப்ளாரன்ஸ்ல செஞ்சு கப்பல்ல போனது, 1698ல அங்க நிறுவினாங்க. கொடுத்தவர் மூணாம் கோசிமோ மெடிச்சி, கலிலியோவுக்கு தத்துவவாதி பட்டம் குடுத்தவரோட பேரன். செஞ்சவர் ஃபோஜினிங்கற சிற்பி, சாந்தா குரோச்சேல கலிலியோ கல்லறைமேல இருக்கிற மார்பளவு சிலையும் அவர் வேலைதான்.

மியூசியத்துல இருந்து சாந்தா குரோச்சேக்கு நடந்தே போயிடலாம், தனி டிக்கெட், ஒரே நாள்ல சேர்த்துப் பாக்கறதுதான் சரி. கல்லறைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பெண் சிலை, ஒண்ணு வானியல், இன்னொண்ணு வடிவியல். தத்துவத்துக்கு அங்க சிலை இல்ல, அவர் வாய்விட்டுக் கேட்டு வாங்கின பட்டம் அது, அதைக் கல்லறையில காணோம்னதும் எனக்கு ரொம்பவே வலிச்சுது.

ரெண்டாம் மாடி பத்தி அதிகம் சொல்ல இல்ல. மின்சாரம் உண்டாக்குற பெரிய சக்கரங்க, ரசாயன மேஜை, பிரசவம் கத்துக்கிற மருத்துவச்சிகளுக்காக செஞ்ச மாடல்கள். மருத்துவம், இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நேரம் கம்மின்னா வேகமா பாத்துட்டு மறுபடி முதல் மாடிக்கு இறங்கிடுங்க.

விளக்கப் பலகைங்க இத்தாலியன்லயும் இங்கிலீஷ்லயும் இருக்கும், கருவி எப்படி வேலை செய்யுதுன்னு தெளிவா சொல்லும். நான் மேல எழுதின சண்டையை நீங்கதான் மனசுல ஏத்திக்கிட்டுப் போகணும், சும்மா போனா பழைய பித்தளையும் கண்ணாடியும் பாத்த திருப்திதான் கிடைக்கும். மியூசியத்தோட வெப்சைட்ல நிறைய கருவிங்களுக்கு வீடியோ விளக்கம் இலவசமா இருக்கு, இத்தாலி போக வாய்ப்பு இல்லாதவங்களும் அதைப் பாக்கலாம், தரமா பண்ணியிருக்காங்க. போறவங்க முன்னாடியே பெல்லார்மின் 1615ல எழுதின கடிதத்தையும் அதே வருஷம் கலிலியோ மெடிச்சி குடும்பத்து கிராண்ட் டச்சஸ் கிறிஸ்டினாவுக்கு எழுதின நீண்ட கடிதத்தையும் படிச்சுடுங்க, ரெண்டும் நெட்ல இங்கிலீஷ்ல கிடைக்குது. சொர்க்கத்துக்கு எப்படிப் போறதுன்னு வேதம் சொல்லும், வானம் எப்படிப் போகுதுன்னு சொல்லாதுன்னு ஒரு கார்டினல் சொன்னதா அவர் எழுதற இடம் அந்த ரெண்டாவது கடிதத்துலதான் வரும்.

ரேட்டிங் அஞ்சுக்கு அஞ்சு, யோசிக்காம குடுப்பேன். காலையில ஒன்பதரைக்குத் திறப்பாங்க, அப்பவே போயிட்டா வளையக் கோளத்துக்கிட்ட கூட்டமே இருக்காது. செவ்வாய்க்கிழமை மட்டும் மதியம் ஒரு மணிக்கே மூடிடுவாங்க, அன்னைக்குப் போகாதீங்க, அரை நாள்ல இதைப் பாத்து முடிக்க முடியாது.